பழைய ஜீப்பின் அடிச்சட்டம்



பழைய ஜீப்பு வைத்திருப்பவரிடம் வண்டியின் நலத்தை விசாரித்தால், அவர் முதலில் எஞ்சினைப் பற்றியே பேசுவார். அதில் வியப்பில்லை. எஞ்சின் இரைச்சலிடும், புகை கக்கும், நடுவழியில் நின்றும் போகும். தன் குறையைத் தானே கூவிச் சொல்லும் உறுப்பு அது. எஞ்சினையும் இருக்கைகளையும் ஏறியமர்ந்த மக்களையும் ஒருசேரச் சுமந்துகொண்டு சேற்றுக்கும் கல்லுக்கும் மேலே கிடக்கும் அடிச்சட்டமோ வாய் திறவாது. பட்டறைகளில் ‘சேஸ்’ என்று வழங்குவது இதனையே. இந்த அடிச்சட்டத்தில் விரிசல் கண்டால் பற்றவைத்துச் சீர்செய்வதா, அன்றிச் சட்டத்தையே மாற்றுவதா என்னும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இதனை மும்பைத் தமிழரிடம், அதிலும் சீத்தா கேம்ப் பகுதியில் வாழ்வோரிடம் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்திய நாட்டின் ஜீப்பு பிறந்த ஊர் மும்பை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியக் கொள்முதற் குழுவின் தலைவராக அமெரிக்காவில் இருந்த கே. சி. மகிந்திரா, ஜீப்பின் வடிவமைப்பில் பெரும்பங்கு கொண்ட பார்னி ரூஸ் என்னும் பொறியியலாளரைச் சந்தித்தார். 1945 இல் மகிந்திரா நிறுவனம் தோன்றிற்று. 1947 இல் வில்லிஸ் கம்பெனியின் 75 வண்டிகள் பாகம் பாகமாகக் கப்பலில் வந்தன. 1949 இல் அன்றைய பம்பாயின் மஜ்காவ் பகுதியில் இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் வில்லிஸ் ஜீப்பு வெளிவந்தது. இன்று நம் மலைப்பாதைகளில் ஓடும் பழைய வண்டிகள் பலவும் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவையே.

மற்றொரு காரணம் மண்ணைப் பற்றியது. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஆம் ஆண்டில், அரசு அகற்றியது. அங்கிருந்த மக்கள் குடியமர்த்தப்பட்ட இடமே சீத்தா கேம்ப். கோலார் தங்கவயலிலிருந்து வந்து தச்சுத்தொழில் செய்த தமிழரான ஜோக்கின் அற்புதம் அக்காலனி மக்களுக்காகப் போராடியவர். 2000 ஆம் ஆண்டில் மக்சேசே விருது பெற்றவர். மக்களுக்குக் கிடைத்த இடம் கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலம். இன்றும் அங்கே உப்புக்காற்று வீசுகிறது. கூரைத் தகரம் எத்தனை ஆண்டு தாங்கும், தண்ணீர்ப் பீப்பாய் எத்தனை மழைக்குப் பின் ஓட்டையாகும் என்பதை அப்பகுதி இல்லத்தரசிகள் எந்தப் பொறியியலாளரையும்விட நன்கறிவர். இரும்பைப் பற்றிப் பேச இதனினும் தகுந்த இடம் அரிது.

ஜீப்பு பிறந்தது மும்பையில் ஆயினும், அது படாத பாடு படுவது மலைகளில். தேனி மாவட்டத்தில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளை அப்பக்கத்தார் நன்கறிவர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை இன்னும் கொடியது. ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். பாதை என்று பெயரே தவிர, பாறைகளை வரிசையாகக் கிடத்தியது போன்றது. சாதாரணக் கார் அங்கே செல்லாது.

ஊரில் தம்பி ஜீப்பு ஓட்ட, வண்டிக்கு வேண்டிய பணத்தை வெளிமாநிலத்தில் வேலைசெய்யும் அண்ணன் அனுப்புவது நம்மவரிடையே புதிதன்று. ஒருநாள் அண்ணனின் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. எண்ணெய்க் கறை படிந்த இரும்பில், மயிரிழை போன்ற ஒரு கோடு. ‘அண்ணே, சேஸ் விட்டுப்போச்சு. ஒரு பிளேட்ட வச்சு அடிச்சிரலாம்னு மேஸ்திரி சொல்றாரு. நாளைக்கு டிரிப் இருக்கு’ என்று தம்பி கேட்கிறான். இவ்வேளையில் அண்ணன் பணம் அனுப்புவதோடு நில்லாமல் இரண்டு கேள்விகளும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் விட்டது? ஏன் விட்டது? இவ்விரண்டுக்கும் விடை தெரியும்வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றலாகாது.

அடிச்சட்டத்தின் அமைப்பை முதலில் பார்ப்போம். நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் இரண்டு சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஜீப்பின் அடிச்சட்டமும் அதுவே. குறுக்குச் சட்டங்கள் மட்டும் கூடுதல். ஏணியைப் படுக்க வைத்தது போல் இருக்கும். நெடுஞ்சட்டம் ஒவ்வொன்றும் ‘ப’ என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போல் மடித்த எஃகுத் தகடு. தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இதைச் ‘சானல்’ என்பர். முன்பகுதியில் சில இடங்களில் திறந்த பக்கத்தையும் மூடிப் பெட்டி வடிவாக்கியிருப்பர். சிஜே 3பி என்னும் பழைய வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர்தான். குட்டையான வண்டி, ஆகவே ஒவ்வொரு பள்ளத்தையும் முழுமையாக வாங்கிக்கொள்ளும் வண்டி.

மேடுபள்ளமான தரையில் கட்டிலைப் போட்டால் ஒரு கால் தூக்கி நிற்கும். அதில் ஒருவர் அமர்ந்தால் கட்டில் முறுகி, அந்தக் கால் தரையைத் தொடும். கொழுக்குமலைப் பாதையில் ஜீப்பின் அடிச்சட்டம் இவ்வாறே கணந்தோறும் முறுகுகிறது. இம்முறுக்கம் குறையன்று, வண்டி அதற்காகவே அமைக்கப்பட்டது. பிளந்த மூங்கிற் பாதியைக் கையில் எடுத்து முறுக்கினால் எளிதில் முறுகும். பிளவாத முழு மூங்கில் அசையாது. திறந்த சானல் பிளந்த மூங்கிலைப் போன்றது. அது வளைந்து கொடுப்பதாலேயே நான்கு சக்கரமும் தரையைப் பற்றுகின்றன. இந்தச் செய்தி மனத்தில் இருக்கட்டும். பின்னால் தகடு வைத்துப் பற்றவைக்கும் இடத்தில் இதுவே நமக்கு வழிகாட்டும்.

இனி, விரிசல் ஏன் விழுகிறது? ‘அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினான், ஒடிந்தது’ என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். பாதி உண்மை அது. 1842 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள், பிரான்ஸ் நாட்டில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சு அன்றைக்கு மட்டும் பெரும்பாரம் தாங்கியதன்று. நாள்தோறும் தாங்கிய பாரத்தையே அன்றும் தாங்கியது. இத்தகைய ஒடிவுகளை ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர் என்னும் ரயில்வே பொறியியலாளர் பல ஆண்டுகள் சோதித்தார். ஒருமுறை சுமத்தினால் எஃகு எளிதாகத் தாங்கும் பாரமும், பல்லாயிரம் முறை, பல லட்சம் முறை ஏறி ஏறி இறங்கினால் அதனை ஒடித்துவிடும் என்று அவர் நிறுவினார். இதனை உலோகச் சோர்வு என்கிறோம். மனிதனுக்கு வரும் சோர்வு ஓய்வெடுத்தால் தீரும். எஃகின் சோர்வு தீராது; கூடிக்கொண்டே போகும்.

சோர்வால் வரும் விரிசல் கண்ட இடத்தில் விழாது. விசை எங்கே குவிகிறதோ அங்கே பிறக்கும். தகட்டில் துளையிட்ட இடம், கூரிய மூலை, முன்பு யாரோ அரைகுறையாகப் பற்றவைத்த இடத்தின் ஓரம், தளர்ந்துபோன ரிவெட்டின் அடி ஆகியவை அதற்குப் பிடித்தமான இடங்கள். ஜீப்பில் முதலில் நோக்க வேண்டியது ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் பகுதி. பாறையில் சக்கரம் சிக்கும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலிந்து திருப்பும் விசையெல்லாம் அந்தச் சிறு பரப்பில் வந்து சேரும். அடுத்து, பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் ஹேங்கர், ஷேக்கிள் ஆகியவற்றின் அடிப்பகுதிகள். பிறகு எஞ்சினும் கியர் பெட்டியும் அமரும் குறுக்குச் சட்டங்கள். இழுவைக் கொக்கி பூட்டிய பின்குறுக்குச் சட்டத்தையும் விட்டுவிடலாகாது.

இவற்றுள் ஸ்டியரிங் பெட்டியின் அடியில் விழும் விரிசலே மிகக் கொடிது. மற்ற இடத்தில் விரிசல் பெருகினால் வண்டி ஒரு பக்கம் சாயும், கதவு பிடிக்கும், ஏதேனும் சத்தம் கேட்கும். இங்கே விட்டுப்போனால், கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் திருப்பத் திருப்ப ஸ்டியரிங் பெட்டி அசையுமேயன்றிச் சக்கரம் திரும்பாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பெட்டியே சற்று நகர்வதுபோல் கண்ணுக்குப் பட்டால், அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சோர்வு ஒருவகைப் பகை. துரு மற்றொரு வகை. இரண்டும் ஒன்றென எண்ணுவதால்தான் மருந்து மாறிப்போகிறது. சோர்வு ஓரிடத்தில் கீறும். சுற்றியுள்ள எஃகு உறுதியாகவே இருக்கும். துரு அப்படியன்று, அது பரவும். மும்பையின் நான்கு மாத மழையும் கழியின் உப்புக்காற்றும் சேர்ந்தால், சானலின் உட்பக்கம் சேறு படிந்து, அச்சேறு உலராமல் ஆண்டுக்கணக்கில் ஈரம் காக்கும். பெட்டி வடிவாக மூடிய முன்பகுதியின் உட்புறம் இன்னும் மோசம். வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே எஃகு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். மும்பையில் வாங்கிய பழைய ஜீப்பை ஊருக்கு அனுப்ப எண்ணுவோர், எஞ்சின் ஓசையைக் கேட்பதற்கு முன் ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுப்பது நன்று. நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற எஃகு மண்பானை விரிந்ததுபோல் மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் சுத்தியல் உள்ளேயே போய்விடுவதும் உண்டு.

விரிசலின் முழு நீளத்தைக் காண்பதும் ஒரு கலை. கண்ணுக்குத் தெரியும் முனையில் விரிசல் முடிவதில்லை. அதற்கு அப்பாலும் மெல்லியதாய் ஓடியிருக்கும். பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கொண்டு அறிவர். இடத்தைக் கம்பித் தூரிகையால் வண்ணமும் துருவும் போகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பிறகு சாக்கட்டித் தூளைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்மையின் மேல் ஒரு கருங்கோட்டை வரையும். இதே தத்துவத்தில் சிவப்புச் சாயமும் வெண்பூச்சும் புட்டிகளில் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. அணு உலைக் குழாய்களின் பற்றவைப்புகளைச் சோதிக்கவும் இம்முறை பயன்படுகிறது. செலவு சிறிது, பயன் பெரிது.

இனி முடிவு செய்யலாம். எஃகு தடிமன் குறையாமல், விரிசல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால், சீர்செய்வதே தகும். ஜீப்பின் பழைய அடிச்சட்டம் பற்றவைப்பதற்கு இணங்கும் மென்மையான எஃகு. முறையாகச் செய்த வேலை பல்லாண்டு நிற்கும். துரு பரவி எஃகு மெலிந்திருந்தால் பற்றவைப்பு வீண். மெலிந்த தகட்டில் வைத்த வெல்டிங் தன் ஓரத்தையே கிழித்துக்கொள்ளும். விபத்தில் சட்டம் முறுகி, அளவு கெட்டிருந்தாலும் மாற்றுவதே வழி. ஒரே சட்டத்தில் நான்கைந்து இடங்களில் பழைய ஒட்டுகள் தென்பட்டால், அந்த வண்டி தன் வரலாற்றை நமக்குச் சொல்லிவிட்டது என்று கொள்ளலாம்.

சீர்செய்யும் முறைக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் நம் நேயர்களிடையே வெல்டிங் தொழிலாளர் பலர் உள்ளனர். அவர்கள் கைத்திறனில் குறையில்லை. ‘ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடு’ என்று நெருக்கும் வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு துணை வேண்டும்.

முதற்பணி பெட்ரோல் தொட்டியைக் கழற்றுவது. பழைய ஜீப்பில் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியில், சட்டத்துக்கு மிக அருகில் அமைந்தது. காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது, ஆவி தங்கியிருக்கும். கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். சட்டத்தின் ஓரமாகச் செல்லும் பிரேக் குழாயையும் மின்கம்பிகளையும் விலக்கிக் கட்ட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வெல்டிங் யந்திரத்தின் எர்த் பிடியை, பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் சட்டத்திலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் எங்கோ அச்சில் மாட்டினால், மின்சாரம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

இரண்டாவது, பாரத்தை நீக்குவது. வண்டி தன் சக்கரங்களின் மேலேயே நிற்கும்போது பற்றவைத்தால், தொய்ந்த நிலையிலேயே சட்டத்தை நிலைநிறுத்திவிடுவோம். சட்டத்தைப் பல இடங்களில் தாங்கிகளின் மேல் ஏற்றி, ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, வாய் பிளந்த விரிசல் தானாக மூடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்நிலையில் அளவு பார்ப்பது அவசியம். இருபுறமும் ஒத்த நான்கு இடங்களைத் தேர்ந்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் புள்ளியிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும். வீடு கட்டும் கொத்தனார் கடைக்கால் போடும்போது மூலைமட்டம் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அளவு ஒவ்வாவிட்டால் சட்டம் சாய்சதுரமாகச் சரிந்துவிட்டது என்று பொருள்; அத்தகைய வண்டி நேர்ச்சாலையிலும் நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும்.

மூன்றாவது, விரிசலை நிறுத்துவது. சாயச் சோதனையில் கண்ட முனைக்குச் சற்று அப்பால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட வேண்டும். கூரிய முனையில் குவிந்திருந்த விசை, வட்டத் துளையின் விளிம்பில் பரவிவிடும். பாயும் விரிசலுக்கு இது அணை. பிறகு கிரைண்டரால் விரிசலின் நீளம் முழுதும் சாய்வான பள்ளமாகத் தேய்த்து, அடிவரை உலோகம் இறங்குமாறு பற்றவைக்க வேண்டும். மேலே மட்டும் பூசிய வெல்டிங், புண்ணை ஆற்றாமல் தோலை மூடியது போன்றது.

பயன்படுத்தும் ராடு பற்றி ஒரு சொல். தெருமுனைப் பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 6013 ராடு வேலியும் கதவும் செய்யப் போதும். மாறிமாறி விசை ஏறும் அடிச்சட்டத்துக்கு 7018 போன்ற தாழ்ந்த ஹைட்ரஜன் வகை நல்லது. ஆயின் அந்த ராடின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். டிராம்பேயின் மழைக்காலத்தில் திறந்து வைத்த ராடு, பழைய அப்பளம்போல் நமுத்துவிடும். அதனை அடுப்பில் முந்நூறு டிகிரிக்கு மேல் ஓரிரு மணி நேரம் உலர்த்தாமல் பயன்படுத்தினால், பூச்சின் ஈரம் ஹைட்ரஜனாகி வெல்டிங்குக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத புதிய விரிசலை அங்கேயே விதைத்துவிடும். விலையுயர்ந்த ராடை ஈரமாய் வைத்து வேலை செய்வதினும், விலை குறைந்த ராடை உலர்ந்ததாய் வைத்து வேலை செய்வது மேல்.

நான்காவதாகத்தான் தகடு வருகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் முதலாவதாகவும் முடிவாகவும் வருவது இதுவே. விரிசலின் மேல் கையளவு தடித்த இரும்புத் தகட்டைச் சதுரமாக வெட்டி வைத்து, நாற்புறமும் பற்றவைத்து அனுப்பிவிடுகின்றனர். வண்டி ஓடும். சில மாதத்தில் தகட்டின் ஓரத்தில் புதிய விரிசல் தோன்றும். ‘தகடு போதவில்லை’ என்று அதற்கும் மேலே பெரிய தகடு வைக்கின்றனர். தகடு மிகுந்ததே அங்கே குற்றம். பிளந்த மூங்கிலை நினைவுகூருங்கள். முறுக வேண்டிய சட்டத்தின் நடுவே முறுகாத ஒரு கட்டியை வைத்துவிட்டோம். இரு பக்கத்து முறுக்கமும் அந்தக் கட்டியின் விளிம்பில் வந்து மோதுகிறது. சதுர விளிம்பு, சட்டத்துக்குக் குறுக்கே ஒரு நேர்கோடாக வெல்டிங். விரிசலுக்கு அதைவிட நல்ல வழி யாரும் வெட்டித்தர இயலாது.

ஆகவே தகட்டின் தடிமன் சட்டத்தின் தடிமனை மிஞ்சலாகாது. அதன் இரு முனைகளும் மீனின் வாலும் தலையும்போல் சரிந்து குறுக வேண்டும். விரிசலின் இருபுறமும் ஒரு சாண் அளவேனும் நீண்டிருப்பது நலம். நீளவாட்டு ஓரங்களில் பற்றவைக்கலாம். சானலின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் குறுக்கே பற்றவைப்பது தகாது. வளையும் சட்டத்தில் மிகுந்த விசையைத் தாங்குவன அவ்விரு உதடுகளே. நடுத்தகட்டில் துளையிட்டால் சட்டம் பொறுக்கும்; உதட்டில் துளையிட்டால் பொறுக்காது. விளக்கு மாட்டவும் பம்பர் பூட்டவும் உதட்டில் ஓட்டை போடும் வழக்கம் எத்தனை வண்டிகளைக் கெடுத்திருக்கிறதோ!

தளர்ந்த ரிவெட்டுகளை வெல்டிங் வைத்து மூடுவதும் இவ்வகைத் தவறே. அவற்றை எடுத்துவிட்டு, துளையைச் சீராக்கி, ஆட்டமின்றிப் பொருந்தும் உயர்வலிமை போல்ட்டுகளைப் பூட்டுவதே முறை. சட்டம் வளைந்திருக்கிறது என்று கேஸ் சுடரால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் உயர்வலிமை எஃகு பயன்படுகிறது. அதைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் வலிமை போய்விடும்.

சட்டத்தையே மாற்ற நேர்ந்தால் வேலை பெரிதே ஆயினும், கலங்க வேண்டியதில்லை. கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று தனி அடிச்சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. ஜீப்பு அப்படியன்று. போல்ட்டுகளைக் கழற்றினால் மேலுடல் தனியே எழும். எஞ்சினும் அச்சுகளும் தனியே வரும். புதிய சட்டத்தில் மீண்டும் அவற்றை அமர்த்தலாம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடம் குறித்துப் பையிலிட்டு வைப்பவர் பூட்டும்போது பாதி நாளை மிச்சப்படுத்துவார். வாங்கும் சட்டத்தையும் மேலே சொன்னபடி குறுக்களவு பார்த்தே வாங்க வேண்டும். ‘புதிது’ என்னும் சொல் மட்டும் அளவுகோலாகாது.

இடர் வேறோரிடத்தில் இருக்கிறது. தமிழில் வண்டியின் சட்டத்துக்கும் நாட்டின் சட்டத்துக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது இங்கே பொருத்தமாகிறது. வண்டியின் சேஸ் எண் அடிச்சட்டத்தில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ளது அந்த எண். எஞ்சினை மாற்றினாலும் வண்டி அதே வண்டி. அடிச்சட்டம் மாறினால், சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு வண்டி. குர்லாவின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ மலிவாக ஒரு சட்டம் கிடைக்கலாம். அதில் வெட்டியிருப்பது யாருடைய எண்? அது களவு போன வண்டியினுடையதாய் இருந்தால், வாங்கியவர் பதில் சொல்லியாக வேண்டும். சிலர் பழைய சட்டத்தின் எண்ணுள்ள துண்டை அறுத்தெடுத்து, வந்த சட்டத்தில் ஒட்டிவிடுவர். இது சீர்செய்தல் ஆகாது, குற்றம்.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆதலின் அடிச்சட்டத்தை மாற்ற எண்ணுவோர், பழைய சட்டத்தைக் கழற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். புதிய சட்டம் வாங்கிய ரசீதையும் பழைய சட்டத்தையும் அதிகாரி பார்க்கும்வரை காத்து வைப்பது அறிவுடைமை. வேலை முடிந்த பிறகு போய் நின்றால், அவரும் உதவ இயலாத நிலை வரலாம்.

வெளிமாநிலத்தில் இருப்போர்க்கு இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் பதிவான ஜீப்பை ஊருக்குக் கொண்டுசென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருந்தால், தமிழ்நாட்டில் புதிய பதிவெண் பெற வேண்டும். அப்பொழுது சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பர். எண் மங்கியிருந்தாலோ, அதன்மேல் வெல்டிங்கும் கிரைண்டர் கீறலும் இருந்தாலோ, நேர்மையான வண்டியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எண் இருக்கும் இடத்தைப் பற்றவைப்புக்கு முன்பே கண்டு, தகடும் சுடரும் அதனருகே வாராதபடி காக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லிவைப்பது நலம். எண்ணின்மேல் சிறிது கிரீஸ் தடவி வைத்தால் துருவும் அணுகாது.

சீர்செய்த வண்டி வெளியே வந்தபின்னும் சில பணிகள் எஞ்சியுள்ளன. பற்றவைத்த இடத்தைக் கசடு நீக்கித் தேய்த்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சும் அதன்மேல் வண்ணமும் பூச வேண்டும். பெட்டியாக மூடிய பகுதியின் உட்புறம் துருக்காப்பு மெழுகெண்ணெய் செலுத்துவது நன்று. சானலில் தங்கிய சேற்றை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உலரவிட வேண்டும். வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடலாம்.

பற்றவைத்த இடத்துக்குக் கருப்பு வண்ணம் அடிப்பதே வழக்கம். அங்கே மட்டும் வெள்ளையோ இளஞ்சாம்பலோ பூசச் சொல்லுங்கள். புதிய விரிசல் பிறந்தால் அதனின்று கசியும் துரு, வெளிர் வண்ணத்தின்மேல் செங்கோடாகத் தெரியும்; கருப்பில் தெரியாது. முதல் மலைப்பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்து, அந்த வெளிர்ப்பட்டையைத் துணியால் துடைத்து, விளக்கடித்து நோக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை எண்ணெய் மாற்றும்போதோ சக்கரம் கழற்றும்போதோ அதனை ஒரு பார்வை பார்த்தால் போதும். அடுத்தமுறை தம்பி கைப்பேசியில் படம் அனுப்பும்போது, அந்த வெளிர்ப்பட்டையையும் சேர்த்தே எடுத்து அனுப்பச் சொல்லலாம்.